மண்டையோடு கீறலாமா? டெத் மெற்றல் அட்டைப்படம் பற்றி ஒரு தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வெளியில் தெரிகிற கேள்வி இதுதான்: யேர்மனியில் இருக்கும் ஒரு சின்ன டெத் மெற்றல் குழு (உறுமல் குரலும் கனத்த கிற்றாருமான இசை) உங்கள் பேனைப் படங்களைப் பார்த்துவிட்டு அட்டைப்படம் கேட்கிறது. போர், எலும்பு, மண்டையோடு வேண்டும் என்கிறது. இங்கே போர் முடிந்த 2009 இல் எடுத்த, ஒரு ஆள் இறந்து கிடக்கிற புகைப்படத்தை அனுப்பி, அதைப் பார்த்துக் கீறினாலும் சரி, அப்படியே வெட்டி ஒட்டினாலும் சரி என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா, எவ்வளவு கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காணாமல் போன அண்ணாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற அம்மா, "வீட்டுக்குள்ள மண்டையோடு கீறாத" என்று சொல்கிறா. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மண்ணைத் தோண்டினால் மனித எலும்பு வருகிற ஊரில் இருந்துகொண்டு, வேறு நாட்டுக் குழுவின் இசைத்தட்டுக்கு எலும்பு கீறுவது சரியா என்று கேட்கிறீர்கள். விலை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் நுண்கலை படித்தேன். இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் தவிர்ந்த நேரத்தில், ஐரோப்பாவிலும் மலேசியாவிலும் இருக்கிற இப்படியான சிறு குழுக்களுக்குப் பல ஆண்டுகளாக அட்டைப்படமும் லோகோவும் கீறிக் கொடுத்து வருகிறேன். ஆகவே கலையைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். சட்டமும் மனநலமும் என் துறை இல்லை. அவற்றைப் பற்றி வருகிற இடங்களில் நான் சொல்வதை ஒரு அயலவரின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது பொடியள் விளையாட்டா, கலையா என்று உங்கள் நண்பர் கேட்டதற்குப் பதில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இது கலைதான். அரை நூற்றாண்டுக்கு மேலான தொடர்ச்சியும் அதற்கு உண்டு. 1970 இல் பிளாக் சபாத் என்ற பிரித்தானியக் குழுவின் முதல் அல்பத்துக்கு ஒரு பழைய தண்ணீர் ஆலையின் முன்னால் கறுப்பு உடுத்த பெண் ஒருத்தியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதில் இரத்தமும் இல்லை, எலும்பும் இல்லை. அந்த இடமும் அந்த நிறமும் போதுமாக இருந்தன. எண்பதுகளில் அந்தக் கனத்த இசை டெத் மெற்றல், கிரைண்ட்கோர், பிளாக் மெற்றல் என்று கிளை பிரிந்தபோது வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அதைக் கேட்பது அரிது. கசற்றில் பதிந்து தபாலில் மாற்றிக்கொண்டார்கள். உறைக்குள் மடித்து வைத்த விளம்பரத் துண்டும், போட்டோக்கொப்பி அடித்த சிறு சஞ்சிகையும்தான் ஊடகம். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் படத்தைத்தான் பார்ப்பார்கள். படம் பிடித்தால்தான் அடுத்த கடிதம் போகும். அந்த மலிவான போட்டோக்கொப்பி இயந்திரம் சாம்பல் நிறத்தைத் தின்றுவிடும். கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். இன்றைக்கும் இந்த உலகத்தில் பேனைக் கோட்டுப் படத்துக்கு இருக்கிற மரியாதைக்கு ஒரு காரணம் அதுதான். நேபாம் டெத் குழுவின் 1987 ஆம் ஆண்டு அல்பமான ‘ஸ்கம்’மின் அட்டையைக் கீறிய ஜெஃப் வாக்கர், தானே இன்னொரு குழுவில் பாடுகிறவர். இசை வாசிப்பவரும் படம் கீறுபவரும் ஒரே கூட்டத்து ஆட்களாக இருந்தார்கள்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய விசயத்துக்கு வருகிறேன். இந்தக் கலையில் காலம் தாண்டி நிற்கிற படங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை பிணத்தைக் கீறியவை அல்ல, இடத்தைக் கீறியவை. பிரித்தானியாவின் டான் சீக்ரேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 இல் பிறந்தவர். எந்தக் கலைக் கல்லூரியும் இல்லாமல் தானாகக் கற்றவர். மோர்பிட் ஏஞ்சல் குழுவின் 1989 அல்பத்துக்கு முகங்கள் நெருக்கியடிக்கிற ஒரு படம் செய்தார். அதற்குப் பிறகு என்ரூம்ப்ட், டிஸ்மெம்பர், சஃபொகேஷன் என்று வந்த குழுக்களுக்கு அவர் கீறியவை பெரும்பாலும் கட்டடங்கள், வேர்கள், குகைகள், சிதைந்த கோபுரங்கள். என்ரூம்ப்டின் 1990 அல்ப அட்டையில் மரங்கள் முறுகி நிற்கிற ஒரு பாதை இருக்கிறது. அங்கே யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் பாதையில் கால்வைக்க உங்களுக்கு மனம் வராது. சுவீடனின் கிறிஸ்டியன் வோலின், நெக்ரோலோர்ட் என்ற பெயரில் கீறுகிறவர், எம்பரர் குழுவின் 1994 அல்பத்துக்கும் டிசெக்ஷன் குழுவின் 1995 அல்பத்துக்கும் நீல இருட்டில் மலையும் பனியும் காடும் வைத்தார். அந்த நீலத்தைப் பார்த்தே இது எந்த நாட்டு, எந்தக் காலத்துப் பிளாக் மெற்றல் என்று ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

நோர்வேக்காரர்கள் இன்னும் பின்னால் போனார்கள். தியோடோர் கிட்டெல்சன் என்ற ஓவியர் 1900 இல் கறுப்புச் சாவு என்கிற கொள்ளைநோயைப் பற்றி ஒரு படநூல் வெளியிட்டார். அதில் நோய் ஒரு கிழவியாக வருகிறாள், பெயர் பெஸ்தா. கையில் வாரியோடு வந்தால் ஊரில் சிலர் தப்புவார்கள், விளக்குமாற்றோடு வந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். விளக்குமாற்றோடு வருகிற ஒரு கிழவியைக் கீறியே முழு ஊரின் சாவையும் சொல்லிவிட்டார். தொண்ணூறுகளில் பர்சம் என்ற ஒருவர் குழு தன் அட்டைகளுக்கு கிட்டெல்சனின் படங்களை எடுத்தது. அந்தக் குழுவை நடத்தியவர் கொலைக் குற்றத்துக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் தண்டனை பெற்றவர். கிட்டெல்சன் 1914 இலேயே இறந்துவிட்டார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறார்கள். அதனால் படம் கொடுக்கும் முன் அந்தக் குழு என்ன பாடுகிறது, எந்த ஆட்களோடு மேடை ஏறுகிறது என்று தேடிப் பாருங்கள். பாடல் வரிகளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, இரத்தமும் குடலுமாகக் கீறுகிற பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கனிபல் கோர்ப்ஸ் குழுவுக்கு வின்சென்ட் லொக் கீறிய தொண்ணூறுகளின் அட்டைகள் அந்தப் பக்கத்தின் உச்சம். அவர் கொமிக்ஸ் ஓவியர். உடலைக் கீறும் கை தேர்ந்த கை. யேர்மனியில் அந்த அட்டைகளோடு அல்பங்களை விற்க முடியாமல் இருந்தது. முதல் மூன்று அல்பங்களின் பாடல்களை 2006 வரை அங்கே மேடையில் பாடவும் முடியவில்லை. உங்களைக் கேட்பது யேர்மனியக் குழு என்பதால் இதைச் சொல்கிறேன். எனக்கு அந்தப் படங்களில் பெரிய நாட்டம் இல்லை, அது என் ருசி. ஆனால் அவை கீறப்பட்டவை. அந்தப் பிணங்களுக்குத் தாய் இல்லை. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுக்கிறேன், ஏனென்றால் புகைப்படத்தில் கிடக்கிற ஆளுக்குத் தாய் இருக்கிறா.

கார்க்கஸ் என்ற லிவர்பூல் குழு 1988 இல் தன் முதல் அல்பத்துக்கு மருத்துவப் புத்தகங்களில் இருந்த பிணப் புகைப்படங்களை வெட்டி ஒட்டியது. ஆனால் 1993 இல் அதே குழு ‘ஹார்ட்வேர்க்’ அல்பத்துக்கு சுவிஸ் ஓவியர் எச். ஆர். கீகரின் சிற்பம் ஒன்றை வைத்தது. உலோகமும் எலும்பும் பின்னிய ஒரு வடிவம் மட்டும் அதில் இருக்கிறது. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள், இரண்டாவதில் கண் நிற்கும். இதைவிடக் கசப்பான கதை நோர்வேயின் மேஹெம் குழுவினுடையது. அவர்களின் பாடகர் 1991 இல் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். குழுவில் ஒருவர் பொலிசுக்குச் சொல்லும் முன்னம் அந்த உடலைப் படம் எடுத்தார். 1995 இல் அனுமதி இல்லாமல் வெளிவந்த ஒரு நேரடி நிகழ்ச்சிப் பதிவின் அட்டையில் அந்தப் படம் வந்தது. இன்றைக்கும் அதை வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடகருக்கு வயது 22. அவருக்கும் குடும்பம் இருந்தது.

ஆகவே உங்களுக்கு வந்த அந்த 2009 படத்தைப் பற்றி என் பதில் தெளிவானது. பாவிக்காதீர்கள். வெட்டி ஒட்டவும் வேண்டாம், பார்த்துக் கீறவும் வேண்டாம். அந்தப் படத்தில் கிடக்கிற ஆளை யாரோ ஒரு தாய் ஏதாவது ஒரு கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பா: சேட்டின் நிறம், காதின் வடிவம், கையில் கட்டிய நூல். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் எதைக் கேட்கிறது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். 2023 ஆனி மாதம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கத் தோண்டியபோது எலும்புகள் வந்ததும், அடுத்த ஆண்டு வரை நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்ததும் உங்களுக்குத் தெரியும். வேறு ஊரில் மண்டையோடு ஒரு அலங்காரமாக இருக்கலாம். இங்கே அது ஒரு சாட்சிப் பொருள். யாரோ ஒருவருடைய பிள்ளை. அம்மா மூடநம்பிக்கையில் சொல்கிறா என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலும்பைப் பார்க்க நேர்ந்துவிடுமோ என்ற பயமும், பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயமும் ஒரே நெஞ்சில் இருக்கிற ஆள் அவ. அந்த மேசையில் மண்டையோட்டுப் படம் காய்ந்துகொண்டிருப்பதை அவ எப்படித் தாங்குவா?

அப்படியென்றால் சாவைக் கீறவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. போரைப் பார்த்தவர்கள் கீறாமல் வேறு யார் கீறுவது? ஸ்பெயினின் கோயா 1810 க்கும் 1820 க்கும் இடையில் போரின் கொடுமைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அதில் ஒரு தகட்டின் கீழே "நான் இதைப் பார்த்தேன்" என்று மட்டும் எழுதினார். அந்த வரிசை வெளியில் வந்தது 1863 இல், அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு. முதலாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்த ஓட்டோ டிக்ஸ், 1924 இல் 50 தகடுகள் கொண்ட ஒரு போர் வரிசையை வெளியிட்டார். பதுங்குகுழிகள், சேறு, வாயு முகமூடி மாட்டிய படையினர். இரண்டு பேரும் கையால், மெதுவாகச் செய்தார்கள். ஒரு கண்குழியைப் புள்ளி புள்ளியாக நிழலிட்டு முடிக்க ஒரு பின்னேரம் போகும். அந்த நேரம் முழுக்க நீங்கள் அந்த ஆளோடு இருக்கிறீர்கள். கமரா அதைக் கேட்காது. கையால் கீறுவதற்கும் படத்தை எடுத்து ஒட்டுவதற்கும் நான் காண்கிற பெரிய வித்தியாசம் இந்த நேரம்தான். இது என் கருத்து. சட்டம் போலச் சொல்லவில்லை.

எங்கள் மரபும் இதற்குப் புதிது இல்லை. கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்துக்குப் பேய்கள் வருகின்றன. யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன, பிறகு கூழ் காய்ச்சிக் காளிக்குப் படைக்கின்றன. எந்த டெத் மெற்றல் பாட்டும் அதைத் தாண்டவில்லை. ஆனால் அது வென்றவனின் பாட்டு. தோற்ற கலிங்கத்துத் தாய்மார் அதில் பேசுவதே இல்லை. அதனால் அதிலிருந்து சொல்லை எடுங்கள், வெறியை எடுக்காதீர்கள். என்னை அதைவிட அதிகம் பிடித்து வைத்திருப்பது காரைக்கால் அம்மையார். அழகைக் கழற்றி வைத்துவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். நரம்பு எழுந்த உடல், குழிந்த வயிறு, வெளியே நீண்ட பல் என்று சுடுகாட்டுப் பேயைத் தன் பதிகத்தில் எழுதியவர். பொலன்னறுவையில் கிடைத்த அம்மையாரின் வெண்கலச் சிலை கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வற்றிய மார்பும் எண்ணக்கூடிய விலா எலும்புமாகக் கைத்தாளத்தோடு இருக்கிறா, முகத்தில் மட்டும் அவ்வளவு மகிழ்ச்சி. கொழும்புக்குப் போனால் கட்டாயம் பாருங்கள், அதன் முன்னால் இருந்து கீறுங்கள். எலும்பைக் கீறுவது அவமதிப்பு ஆகாமல் இருக்க வழி உண்டு என்பதற்கு அந்தச் சிலை போதும். சிங்கப்பூரில் 1992 இல் தொடங்கிய ருத்ரா குழு வேதாந்தத்தையும் சைவ உருவங்களையும் டெத் மெற்றலுக்குள் கொண்டுவந்து முப்பது ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. நோர்வேக் காட்டைக் கடன் வாங்காமலே இதைச் செய்யலாம்.

உங்கள் படங்களில் நீங்கள் இணைத்திருந்த மூன்றாவதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். குளத்துக்குள் நிற்கிற பட்ட மரம், கிளையில் செட்டையை விரித்து நிற்கிற நீர்க்காகம். மற்ற இரண்டும் இணையத்தில் பார்த்த மண்டையோடுகளின் பிரதி; கை நன்று, ஆனால் யாரும் கீறலாம். அந்த மரம் உங்களுடையது. நீர் வற்றிய உயரத்தில் பட்டையின் நிறம் மாறுகிற கோட்டைக்கூட வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. வன்னியில் கீறுவதற்கு என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். செல் அடித்துத் தலை போன பனைகள் வரிசையாக நிற்கிற கரையோரம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பல ஆண்டுகள் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி. சீக்ரேவ் கற்பனையில் கட்டிய கோபுரங்களைப் போன்ற ஒன்று எங்கள் கண்முன்னாலேயே கிடந்தது. பாலை மர வேர் பிளந்து ஏறிய சுவர். பங்கர் வாசல்: கூரைக்குப் பனங்குற்றி, சுற்றிவர மண்மூட்டை. அந்த மூட்டைகள் எதில் தைத்தவை என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கூறைச் சேலையை வெட்டித் தைத்தவர்களும் இருக்கிறார்கள். சரிகைக் கரை மண்ணால் புடைத்து நிற்கிற ஒரு மூட்டை, அதன் பின்னால் கறுப்பு வாசல், உள்ளே யாரும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய அட்டை அதுதான். போர் வேண்டும் என்றார்கள், அது போர். அதைப் பார்க்கிற யேர்மன்காரருக்கு முதலில் அழகான துணி தெரியும், விசயம் விளங்கச் சற்று நேரம் எடுக்கும். விளக்கம் கேட்டால் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். போலந்து ஓவியர் பெக்சின்ஸ்கி தன் படங்களுக்குப் பெயரே வைக்கவில்லை.

லோகோவும் கேட்டிருக்கிறார்கள் என்றீர்கள். வாசிக்க முடியாமல் முள்ளும் கொடியுமாகப் போகிற அந்த எழுத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முறை இருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த கிறிஸ்தோப் ஷ்பைடல் எம்பரர் உட்பட ஆயிரக்கணக்கான குழுக்களுக்கு லோகோ செய்தவர். அவர் படித்தது காட்டியல். வேரும் கிளையும் எப்படிப் பிரியும் என்று தெரிந்த கை என்பது எழுத்தில் தெரிகிறது. முதலில் பெயரைப் பென்சிலால் தடித்த எழுத்தில் எழுதுங்கள். நடு எழுத்தில் ஒரு நேர்கோடு போட்டு, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல ஆக்கப் பாருங்கள். பாதியைக் கீறி, திசுத்தாளில் ஒற்றி, புரட்டி மறுபாதிக்குப் போடுங்கள். எழுத்தின் எலும்பு நின்ற பிறகுதான் கொடி விட வேண்டும். கொடியை முதலில் விட்டால் பற்றைதான் மிஞ்சும். ஆல விழுதைப் பார்த்து நான்கு பக்கம் கீறிவிட்டுத் தொடங்குங்கள்.

அச்சைப் பற்றி மூன்று விசயம், இவை அனுபவத்தில் உறுதியானவை. இசைத்தட்டு அட்டை ஏறக்குறைய 31 சென்ரிமீற்றர் சதுரம், சீடி 12, கசற்றின் முன்பக்கம் ஆறரைக்குப் பத்து. 40 சென்ரிமீற்றர் தாளில் 0.1 மில்லிமீற்றர் பேனையால் போட்ட கோடு சீடியில் 0.03 ஆகிவிடும், அதாவது காணாமல் போகும். ஆகவே முக்கியமான உருவத்துக்குத் தடித்த பேனை, உள்நிழலுக்கு மட்டும் மெல்லியது. அப்புறம் ரீசேட். கறுப்புத் துணியில் வெள்ளை மையால் அடிப்பார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பால் கீறியதை அப்படியே புரட்டினால் வெளிச்சமெல்லாம் இருட்டாகி, படம் புகைப்படச் சுருள் போல வந்துவிடும். ரீசேட்டும் வரும் என்றால் கறுப்புத் தாளில் வெள்ளை மையால் வெளிச்சத்தை மட்டும் கீறிப் பழகுங்கள். நெருக்கமான புள்ளிகள் துணியில் மை ஊறி ஒட்டிக்கொள்ளும் என்பதால் இடைவெளி விடுங்கள். ஸ்கான் செய்யும்போது கோட்டுப் படத்துக்கு 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) கேளுங்கள். ஏ4 ஸ்கானர்தான் இருக்கிறது என்றால் துண்டு துண்டாக, ஓரம் ஒன்றின்மேல் ஒன்று வருமாறு எடுத்துக் கணினியில் பொருத்தலாம். கைபேசியில் எடுத்து அனுப்ப வேண்டாம்.

சின்னங்களில் கவனம் வேண்டும். கோலத்திலும் கோயிலிலும் எங்களுக்குப் பழக்கமான சுவஸ்திகாவை அலங்காரத்துக்குக்கூட வைக்காதீர்கள். யேர்மனியில் நாசிச் சின்னங்களைக் காட்டுவது குற்றவியல் சட்டப்படி குற்றம், அதோடு இந்த இசைக்குள் உண்மையான நாசிக் கூட்டமும் ஒரு மூலையில் இருக்கிறது. இங்கேயும் புலிகள் இயக்கத்தின் சின்னம், சீருடை, கொடி ஆகியவற்றைப் படத்தில் வைத்து இணையத்தில் விடுவது 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உங்களைச் சிக்கலில் மாட்டக்கூடும். எது வரை போகலாம் என்று என்னால் சொல்ல முடியாது, ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காசு. இப்படியான சிறு குழுக்கள் சில நூறு பிரதிகள்தான் அடிக்கும், பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இலவசமாகவும் கொடுக்க வேண்டாம். பாதியை வேலை தொடங்கும் முன் வாங்குங்கள், மீதியைப் பெரிய கோப்பு அனுப்பும் முன் வாங்குங்கள். அட்டைக்கு ஒரு விலை, ரீசேட்டுக்கு வேறு விலை என்று மின்னஞ்சலில் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தின் உரிமை கீறியவருக்கு உண்டு, அவர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நிற்கும். எழுதிக் கொடுக்காமல் அது கைமாறாது. மூலத் தாளை அனுப்பாதீர்கள், கோப்பு மட்டும் போதும். அவர்களிடம் சில பிரதிகளும் கேட்டு வாங்குங்கள். அடுத்த குழுவுக்குக் காட்ட அதுதான் உங்கள் சான்றிதழ்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன். இந்தப் படங்களைக் கீறுவது மனத்துக்கு ஆறுதலா, காயத்தைக் கிளறுவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நான் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன், யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாது. கீறிய இரவுகளில் நித்திரை போகிறது என்றால் படத்தை நிறுத்திவிட்டு, மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருதரம் கதையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அம்மா இருக்கிற வீட்டில் மண்டையோடு கீறாதீர்கள். அவவோடு வாதாடி வெல்ல வேண்டிய விசயம் அல்ல இது. சேலை மூட்டையைக் கீறுவதென்றால் அவவிடம் கேட்டுவிட்டுக் கீறுங்கள். எந்தச் சேலை, என்ன கரை, எப்படித் தைத்தது என்று அவவுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றா என்றால் குளத்து மரத்தை எடுங்கள், அதுவும் அட்டைக்குப் போதும்.

குழுவுக்கு இன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சல் போடுங்கள்: நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பாவிக்கமாட்டேன், என் ஊரிலிருந்து மூன்று யோசனை அனுப்புகிறேன், பாடல் வரிகளை அனுப்புங்கள் என்று. பிறகு தீப்பெட்டி அளவில் ஆறேழு சின்ன முன்வரைவுகள் கீறி இந்தக் கேள்வியின் கீழேயே போடுங்கள். சனிக்கிழமைகளில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பார்த்துச் சொல்கிறேன்.